முகத்தை அளந்த கதை



நெல்லைப் படியால் அளக்கிறோம். பூவை முழத்தால் அளக்கிறோம். பொன்னைக் குன்றிமணியால் நிறுத்தார்கள் நம் முன்னோர். சுரண்டைச் சந்தையில் காய்கறி மூட்டைகள் தராசில் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் பலர். எதை அளந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டே தீரவேண்டும் என்பதைச் சந்தை நமக்குக் கற்பிக்கிறது. அளக்கின்ற கோல் நேரானதுதானா என்பது ஒன்று. அந்த அளவினால் நன்மை யாருக்கு என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளையும் துணையாகக் கொண்டு, மனித முகத்தை அளந்தவர்களின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முகத்தையும் அளப்பதுண்டா என்று நீங்கள் வியக்கலாம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. பல் மருத்துவரோ முகத்தில் வேறு பலவற்றைத் தேடுகிறார். பல்வரிசை சீராக அமையாத ஒரு சிறுவனை அவரிடம் அழைத்துச் சென்றால், அவர் உடனே குறட்டைக் கையில் எடுப்பதில்லை. சிறுவனைப் பக்கவாட்டில் நிற்கச் செய்து நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் ஆகியவை ஒன்றுக்கொன்று எப்படி அமைந்துள்ளன என்று பார்க்கிறார். தலையை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து அதன்மீது கோடுகள் வரைந்து கோணங்களைக் கணக்கிடுகிறார். வாயைத் திறக்கச் சொல்லி, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளக்கிறார். காதுக்கு முன்னால் விரலை வைத்துத் தாடை மூட்டின் அசைவை உணர்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகே மருத்துவம் தொடங்குகிறது.

இக்கலை மருத்துவமனையில் பிறந்தது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அதன் வேர்கள் ஓவியக்கூடத்திலும், பொருட்காட்சிசாலையிலும், பண்டைய இடுகாட்டிலும் இருக்கின்றன. அவ்வேர்களுள் ஒன்று நம் திருநெல்வேலிச் சீமை மண்ணிலேயே ஓடியிருக்கிறது.

முதலில் ஐரோப்பாவுக்குச் செல்வோம். ஆலந்து நாட்டில் 1722 முதல் 1789 வரை வாழ்ந்தவர் பேத்ரூஸ் காம்பர் என்னும் உடற்கூற்று அறிஞர். ஓவியம் தீட்டுவதிலும் வல்லவர். பல நாட்டு மக்களின் முகங்களையும் ஓவியர்கள் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்களே என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. அதனைத் தீர்க்க அவர் ஒரு வழி கண்டார். காதுத் துளையிலிருந்து மூக்கின் அடிவரை ஒரு கோடு. நெற்றியிலிருந்து முன்பற்கள்வரை மற்றொரு கோடு. இரண்டும் சந்திக்கும் கோணத்துக்கு முகக்கோணம் என்று பெயர். அவர் இறந்த பிறகு 1791-இல் அந்நூல் வெளியாயிற்று. குரங்குக்கு 42 பாகை, ஒராங்குட்டானுக்கு 58, ஆப்பிரிக்கருக்கும் ஆசியக் கால்முக்கியருக்கும் 70, ஐரோப்பியருக்கு 80, கிரேக்கச் சிலைக்கு 100 என்று அதில் அவர் வரிசைப்படுத்தியிருந்தார்.

இந்த வரிசையின் உச்சியில் நிற்பது எது என்று கவனியுங்கள். அது மனிதனன்று; கல். உயிரோடு நடமாடிய எந்த மனிதனுக்கும் அமையாத கோணத்தை உச்சத்தில் வைத்துவிட்டு, உயிருள்ள மனிதர்களையெல்லாம் அதற்குக் கீழே படிப்படியாக அடுக்குவது என்ன நியாயம்? மனிதகுலம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்பதே காம்பரின் கொள்கை. அவருக்குப் பின் வந்தவர்களோ அக்கொள்கையை விட்டுவிட்டுக் கோணத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கோணம் பெரிதானால் அறிவு பெரிது என்று பேசத் தொடங்கினார்கள். உண்மையில் அக்கோணத்தைப் பெரும்பாலும் மாற்றுவது தாடைகளும் பற்களும் எவ்வளவு முன்னே நிற்கின்றன என்பதே. மெல்லும் உறுப்பை அளந்துவிட்டுச் சிந்திக்கும் உறுப்புக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்டையோடுகளைச் சேர்ப்பதும் அளப்பதும் ஐரோப்பிய அறிஞர்களிடையே பெருகின. ஒருவர் மண்டையோட்டை நிமிர்த்தி வைத்து அளந்தார். மற்றொருவர் சாய்த்து வைத்து அளந்தார். அளவுகள் ஒத்துவரவில்லை. எனவே ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கண்குழியின் கீழ்விளிம்பையும் காதுத்துளையின் மேல்விளிம்பையும் இணைக்கும் கோடு தரைக்கு இணையாக இருக்கும்படி மண்டையோட்டை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் பல் மருத்துவமனையில் உங்கள் தலையைக் கருவியில் பொருத்தும்போது, மருத்துவர் பார்ப்பது அந்தப் பிராங்பர்ட் கோட்டைத்தான். மண்டையோட்டு ஆராய்ச்சியாளர்கள் தமக்காக வகுத்த விதி, இன்று நோயாளிகளுக்குப் பயன்பட்டு வருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குற்றால மலையிலிருந்து இறங்கித் தென்காசியைத் தொட்டு ஓடும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்த ஆற்றோடு கிழக்கே சென்றால், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 15 மைல் தொலைவில், தென்கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. இரும்புக் காலத்து மக்கள் தம் முன்னோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த பறம்பு அது. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் அங்கே அகழ்ந்து பொருள்களை எடுத்துச் சென்றார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்லியல் அதிகாரி விரிவாக அகழ்ந்தார். இரும்புக் கருவிகளும், வெண்கலக் கலங்களும், பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. அவற்றோடு மண்டையோடுகளும் வெளிப்பட்டன.

நெற்றிப்பட்டத்தைப் பார்த்தவர்கள் அதனைச் செய்த கொல்லனின் திறமையை வியந்தார்கள். மண்டையோட்டைப் பார்த்தவர்களோ பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இவன் எந்த இனத்தான்? நீளம், அகலம், மூக்குத் துளை, தாடையின் முன்னீட்சி என்று அளந்து, ஒன்றை ஓர் இனத்திலும் மற்றொன்றை வேறோர் இனத்திலும் சேர்த்தார்கள். 1930-இல் சக்கர்மன் என்னும் உடற்கூற்று அறிஞர் எழுதிய ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றிய ஆய்வைச் சென்னைப் பொருட்காட்சிசாலை வெளியிட்டது. கையில் இருந்த மண்டையோடுகள் மிகச் சில. அச்சிலவற்றை வைத்துக்கொண்டு ஒரு நாட்டு மக்களின் பூர்வீகத்தையே பேசும் வழக்கம் நெடுநாள் நீடித்தது.

இறந்தவர்களை அளப்பதோடு அக்காலம் நிற்கவில்லை. 1885-இல் சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைமைப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருப்பவர்களை அளக்கப் புறப்பட்டார். தென்னிந்தியாவின் ஊர்களுக்கும் மலைகளுக்கும் அளவுக் கருவிகளோடு சென்றார். அவருடைய உழைப்பு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் அரிய செய்திகள் பல உள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அளக்கப்பட்டவர்கள் அவரை எவ்வாறு கண்டார்கள் என்பதற்கு அவரே சான்று தருகிறார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களுள் அழகானவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னைப் பொருட்காட்சிசாலையில் வைக்கப் போகிறார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். இதனை அவர் வேடிக்கைபோல எழுதுகிறார். எனக்கு அதில் வேடிக்கை தோன்றவில்லை. அந்த அளவினால் தங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதைப் படிப்பறியாத அப்பெண்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

அக்காலத்து அளவுகளுள் பெரும்புகழ் பெற்றது மூக்கின் அளவு. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். வங்காளத்தில் இவ்வாறு அளந்த ரிஸ்லி என்னும் அதிகாரி, மூக்கு அகன்றால் சமூகத்தில் மதிப்புத் தாழும் என்று ஒரு விதியே வகுத்துவிட்டார். அந்த விதியை வீழ்த்தியவர் ஓர் இந்தியர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியர் குர்யே, 1932-இல் வெளியிட்ட தம் நூலில் அந்த அளவுகளையே மறுபடி ஆராய்ந்தார். கங்கைச் சமவெளியின் ஒரு பகுதியைத் தவிர வேறெங்கும் அந்த விதி பொருந்தவில்லை என்று காட்டினார். அதற்கு முன்னரே, 1911-இல் அமெரிக்காவில் பிரான்சு போவாஸ், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களிலும் அவர்களுடைய மக்களிலுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து பார்த்திருந்தார். புதிய நாட்டில் பிறந்த குழந்தைகளின் தலை வடிவம் பெற்றோரின் வடிவத்திலிருந்து சற்றே மாறியிருந்தது. மாறாதது என்று நம்பிய இன அடையாளம் ஒரே தலைமுறையில் அசைந்துவிட்டது. 1972-இல் லெவோன்டின் என்னும் மரபியல் அறிஞர் கணக்கிட்டுக் கூறியது இன்னும் தெளிவானது. மனிதர்களிடையே காணும் மரபு வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு, ஒரே மக்கட் கூட்டத்துக்குள்ளேயே காணப்படுகிறது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ளது எஞ்சிய சிறு பங்கே.

அவ்வாறாயின், முகத்தை அளக்கும் கலையையே தூக்கி எறிந்திருக்க வேண்டாவா? அப்படி எறிந்திருந்தால் இன்று ஒரு பெருநன்மையை இழந்திருப்போம். கோல் அதுவேதான், அதைப் பிடித்த கை மாறியது. அந்த மாற்றத்தைத்தான் இவ்வரலாற்றின் திருப்பமாக நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் டாட் என்னும் உடற்கூற்றுப் பேராசிரியர் இருந்தார். மண்டையோட்டை அசையாமல் பிடித்து அளக்கும் ஒரு தாங்கி அவருடைய கூடத்தில் இருந்தது. அங்கே ஆராய்ச்சி செய்த ஹாலி பிராட்பென்ட் ஒரு பல் மருத்துவர். கோணற்பற்களைச் சீராக்குவதில் பயிற்சி பெற்றவர். குழந்தையின் முகம் ஆண்டுதோறும் எப்படி வளர்கிறது என்று தெரியாமல் அதன் பற்களை எப்படி நகர்த்துவது என்பது அவருடைய கவலை. மண்டையோடுகளைக் கொண்டு வளர்ச்சியை அறிய முடியாது. இளமையில் இறந்த குழந்தைகளின் எலும்புகள் பெரும்பாலும் நோயுற்ற குழந்தைகளின் எலும்புகள். மேலும், இறந்த குழந்தை அடுத்த ஆண்டு வளர்ந்து காட்டுமா?

பிராட்பென்ட் மண்டையோட்டுத் தாங்கியை உயிருள்ள தலைக்கு ஏற்ப மாற்றினார். இரு காதுத் துளைகளிலும் மெதுவாகப் பொருந்தும் இரு தண்டுகள், எப்போதும் ஒரே தொலைவில் நிற்கும் எக்ஸ் கதிர்க் குழாய், மறுபக்கம் படச்சுருள். இந்த அமைப்பில் ஒரு குழந்தையை இவ்வாண்டும் அடுத்த ஆண்டும் படமெடுத்து, ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைத்துப் பார்த்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். 1931-இல் அவர் இம்முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹோப்ராத் என்பவரும் இதுபோன்ற முறையை வெளியிட்டார். இறந்தவர்களை வகைப்படுத்தப் பிறந்த கருவி, வளரும் குழந்தைக்கு வழிகாட்டும் கருவியாயிற்று. நலமாயிருக்கும் குழந்தைகளை ஆராய்ச்சிக்காக மட்டும் ஆண்டுதோறும் கதிரில் நிறுத்துவது தகாது என்று இன்று மருத்துவ உலகம் கருதுகிறது. நோயாளிக்குத் தேவையிருந்தால் மட்டுமே படம் எடுக்கிறார்கள். அளவினால் நன்மை யாருக்கு என்ற நம் கேள்வி, மருத்துவத்துக்குள்ளும் விழித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

கை மாறிய பிறகும் கோல் நேரானதா என்ற முதற் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 1948-இல் அமெரிக்காவில் டவுன்ஸ் என்பவர், பல்வரிசை மிகச் சீராக அமைந்த 20 வெள்ளை இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் படங்களிலிருந்து சராசரி அளவுகளை வகுத்தார். அது சிறந்த ஆய்வு. ஆனால் அந்த இருபது பேரின் சராசரி, கடல் கடந்து எல்லா நாட்டுப் பல் மருத்துவமனைகளுக்கும் அளவுகோலாகப் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்ச் சிறுமி ஒருத்தியை அந்தக் கோலால் அளந்தால் என்ன ஆகும்? நம்மில் பலருக்கு முன்பற்களும் உதடுகளும் இயல்பாகவே சற்று முன்னே நிற்கும். அந்தக் கோலின்படி அது குறை. குறை என்று எழுதிவிட்டால் திருத்த வேண்டும். திருத்த வேண்டுமானால் நல்ல பற்களையும் பிடுங்க நேரலாம். காம்பரின் கற்சிலை வேறு உருவில் வந்து நின்றது போன்ற நிலை இது.

இதனை உணர்ந்த இந்திய ஆய்வாளர்கள் நம் மக்களையே அளக்க முற்பட்டார்கள். அதற்கு முதலில் பல் மருத்துவக் கல்வி இந்நாட்டில் வேரூன்ற வேண்டியிருந்தது. டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்புத் தொடங்கியது. 1964-இல் கோட்டக் என்பவர் இந்தியச் சிறுமிகளின் முக அளவுகளையும், 1969-இல் நந்தா என்னும் பெயருடைய ஆய்வாளர் இருவர் வட இந்தியரின் முக அளவுகளையும் வெளியிட்டார்கள். தென்னிந்தியருக்கும் தமிழருக்கும் உரிய அளவுகளைப் பின்னர் வந்தவர்கள் தேடினார்கள்.

இவ்விடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் என்னை மறித்துக் கேட்கலாம். 'தமிழருக்கு ஓர் அளவு, வடவருக்கு ஓர் அளவு என்று பிரிப்பது, தர்ஸ்டன் செய்த வேலையையே மறுபடி செய்வதாகாதா?' நல்ல கேள்விதான். என் விடை இது: சராசரி என்பது ஊருக்குள் நுழையும் வழிகாட்டிப் பலகை, அது வீட்டு முகவரி ஆகாது. தமிழ்ச் சராசரிக்கு வெளியே நிற்கும் தமிழ் முகங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவை குறையுள்ள முகங்கள் அல்ல. மருத்துவர் சராசரியை அறிந்திருக்க வேண்டும்; ஆனால் தீர்ப்பைச் சராசரியிடம் விட்டுவிடக் கூடாது. எதிரே அமர்ந்திருப்பவரின் வாய் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இங்கேதான் வடிவத்திலிருந்து வேலைக்கு, முக அழகிலிருந்து தாடையின் தொழிலுக்கு, ஆராய்ச்சி நகர்கிறது.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றார்கள் நம் பெரியோர். மெல்லுதல் வயிற்றுக்கு மட்டும் உதவுவதன்று; அது முகத்தையே உருவாக்குகிறது. கொருச்சினி என்னும் அமெரிக்க மானிடவியலாரும் இந்திய ஆய்வாளர்களும் சண்டிகர் வட்டாரத்துப் பஞ்சாபி இளைஞர்களை ஆராய்ந்து 1983-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடினமான உணவை மென்று வளர்ந்த கிராமத்து இளைஞர்களைவிட, மென்மையான உணவில் வளர்ந்த நகரத்து இளைஞர்களிடம் பல்வரிசைக் கோணல் மிகுதியாகக் காணப்பட்டது. இரு சாராரும் ஒரே மரபினர், மாறியது உணவு. நம் பாட்டன்மார் கம்பும் சோளமும் பனங்கிழங்கும் மென்றார்கள்; அவர்களுடைய தாடைக்கு அன்றாடம் உழைப்பு இருந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழியில் கிடந்த தாடையும், பிறப்பு எழுதிய எழுத்தை மட்டும் சுமந்திருக்கவில்லை. அது உண்ட உணவையும் உழைத்த உழைப்பையும் சுமந்திருந்தது.

தாடையின் தொழிலை எப்படி அளப்பது? 1950-இல் மான்லி, பிரேலி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். வேர்க்கடலையை எடைபோட்டுக் கொடுத்து, குறிப்பிட்ட தடவை மெல்லச் செய்து, விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். அதைச் சல்லடையில் சலித்து, எவ்வளவு பொடியாகிக் கீழே இறங்கியது என்று கணக்கிட்டார்கள். கடலையும் சல்லடையும் கொண்டு செய்த இந்த ஆராய்ச்சி, பற்களை இழந்தவர் மெல்லும் திறனில் எவ்வளவு இழக்கிறார் என்பதை எண்ணாகக் காட்டியது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சோறும் போயிற்று என்று இதனோடு சேர்த்துச் சொல்லலாம்.

மற்றோர் அளவு வாய் திறக்கும் அளவு. காதுத் துளைக்கு முன்னால் இரு கைவிரல்களையும் வைத்து, மெல்ல வாயைத் திறந்து பாருங்கள். தாடை எலும்பின் குமிழ் முதலில் கதவுக் கீல்போலச் சுழலும். பிறகு முன்னோக்கி வழுக்கிச் செல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் வாய் முழுதாகத் திறக்கும். வளர்ந்தவர்களுக்கு மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் இடையே 40 முதல் 50 மில்லிமீட்டர்வரை இடைவெளி ஏற்படுவது இயல்பு. 35-க்குக் குறைந்தால் எங்கோ தடை உண்டு என்று மருத்துவர் ஐயுறுவார். அளவுகோல் இல்லாத இடத்தில், தம்முடைய மூன்று விரல்களை அடுக்கிச் செங்குத்தாக நுழைத்துப் பார்ப்பதும் உண்டு.

இந்த மூன்று விரல் அளவு நம் நாட்டு மக்களின் உயிர்ப் பிரச்சினை ஒன்றோடு பிணைந்திருக்கிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைக் கடந்தால் பழைய திருவிதாங்கூர். அந்நாட்டின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் என்னும் ஊரில் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் 1922-லும் 1924-லும் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல் அறுவை மருத்துவராகப் பணியாற்றியது அங்கேதான். அம்மருத்துவமனைக்கு வாய்ப் புற்றுநோயாளிகள் மிகுதியாக வந்தார்கள். 1908-இல் டாக்டர் பெண்டால், அங்கு கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். 1933-இல் டாக்டர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோரிடையே காணும் வாய்ப் புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அங்கிருந்து டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இல் வாய்ப் புற்றின் காரணங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள்.

இதற்கிடையே, புற்றுக்கு முன்னோடியாக வரும் ஒரு நோயை மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். 1952-இல் சுவார்ட்ஸ் என்பவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் அதனைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்பவர் விவரித்தார். நோயின் போக்கு இது: முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, மென்மை இழந்து, நார்க்கயிறு போன்ற பட்டைகள் ஓடும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க மறுக்கும். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழையும்; பின்னர் ஒன்றே நுழையும். சோற்றுக் கவளம் நுழையாத நிலையும் வருவதுண்டு.

காரணம் என்ன? 1960-களில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாலி மேத்தாவும் டென்மார்க்கு நாட்டுப் பிண்ட்போர்க்கும் அவர்தம் குழுவினரும், இந்தியாவின் ஐந்து மாவட்டங்களில் கிராமம் கிராமமாகச் சென்று 50,915 பேரின் வாயைச் சோதித்தார்கள். அந்த முடிவுகள் 1969-இல் வெளிவந்தன. அதன் தொடர்ச்சியாக எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுற்ற 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் விடாமல் கவனித்து வந்தார்கள். அவர்களுள் ஐவருக்கு, அதாவது நூற்றுக்கு 7.6 பேருக்கு, புற்று உண்டாயிற்று. காரணம் பாக்கு என்பதை அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் நிலைநாட்டின. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் திசுக்களை அளவுக்கு மீறி நார் நெய்யத் தூண்டுகிறது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள், நெய்த நார் கரையாமல் இறுக்குகிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட நூலில் திட்டவட்டமாகக் கூறியது.

தாம்பூலம் நம் விருந்தோம்பலின் சின்னம். குற்றாலத்துத் தோப்புகளில் கமுகு நிற்கும் அழகை நானும் விரும்புகிறேன். ஆனால் பழைய தாம்பூலத்துக்கும், சிறு பொட்டலங்களில் இனிப்பும் மணமும் கூட்டி இளைஞர் கையில் திணிக்கப்பட்ட பாக்குத் தூளுக்கும் தூரம் மிகுதி. நார் ஓடிய கன்னத்தை முற்றிலும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது. பயிற்சியாலும் அறுவை மருத்துவத்தாலும் ஓரளவு திறக்கச் செய்யலாம், அவ்வளவே. 2013-இல் தமிழக அரசு குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. சட்டம் கடையின் கதவை அடைக்கலாம். வாயின் கதவு அடைபடாமல் காப்பது அவரவர் பொறுப்பு.

நண்பர்களே, இக்கதையின் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழடிக்கு அருகே கொந்தகை இடுகாட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து கணினி வழியே முகம் அமைத்து 2025-இல் வெளியிட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரு மனிதர்கள் நம்மைப் பார்ப்பது போன்ற அந்தப் படங்கள் உள்ளத்தைத் தொடுவன. ஆனால் படங்கள் வெளியானவுடன் எழுந்த கேள்விகளுள் முந்தி நின்றது, இவர்கள் எந்த இனம் என்ற அந்தப் பழைய கேள்விதான். தர்ஸ்டனின் நிழல் இன்னும் நீங்கவில்லை.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அவர்கள் என்ன உண்டார்கள்? பல்வலி வந்தபோது யார் அவர்களுக்கு உதவினார்கள்? அவர்களுடைய வாய் நன்றாகத் திறந்ததா? ஒரு முகத்தின் முன் நின்று இவ்வாறு கேட்கக் கற்றுக்கொள்வதற்கு அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. உங்களில் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் தொல்லியல் பயில்வீர்கள். சிலர் கணினியைக் கொண்டு முகங்களை அளக்கும் தொழிலுக்கே செல்வீர்கள். முகங்களை எண்ணாக்கும் கருவிகள் இன்று சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டன. கோல் உங்கள் கைக்கு வரும்போது, அளக்கப்படுகிறவன் உங்களைக் கண்டு ஓடும்படி நடந்துகொள்ளாதீர்கள். தானே வந்து வாயைத் திறந்து காட்டும்படி நடந்துகொள்ளுங்கள்.